புகையும் கலியே

கலி என்பது வெளியே நிற்கும் அசுரன் அல்ல. மனிதன் மனத்துக்குள் குடியிருக்கும் மாயை. ‘இன்று ஒன்றே ஒன்று’ என்று பீடி கேட்பதும் அதன் குரலே.

சங்கரன்கோவில் வட்டாரத்தில் பீடி சுற்றி அடுப்பெரிக்கும் தாய்மார் பலர். அந்தப் பாடு பசிக்காக, அதில் பழியில்லை. அதே வீட்டுத் தகப்பன் அதைப் புகைத்து இருமும்போது, உழைத்த காசும் உயிரும் சேர்ந்தே கருகுகின்றன.

அய்யா வைகுண்டர் வாகைப்பதிக்குத் துவையல் தவசுக்கு அனுப்பியவை 700 குடும்பங்கள். மூவேளையும் கடலில் துவைத்துக் குளித்து, மரக்கறி உண்டு, ஒரே பந்தியாய் வாழ்ந்தார்கள். தனி ஒருவனால் ஆகாதது பந்தியால் ஆயிற்று.

புகையை விடுகிறவனுக்கும் அதுவே வழி. நாள் குறித்து வீட்டாரிடமும் தாங்கல் அன்பர்களிடமும் சொல்லட்டும். முதல் சில நாள்களே மிகக் கடினம். ஆசை எழுந்தால் சில நிமிடத்தில் தணியும். அதுவரை தண்ணீர் குடித்து அய்யா நாமம் சொல்லட்டும். முடியாவிட்டால் 1800 112 356 என்ற அரசின் இலவச எண்ணில் ஆலோசனை கிடைக்கும். மருத்துவரை நாடுவதும் பக்திக்குக் குறைவன்று. விட்ட 20 நிமிடத்தில் நாடித்துடிப்பு இறங்கத் தொடங்கும். ஓராண்டில் கூடுதல் மாரடைப்பு ஆபத்து ஏறத்தாழப் பாதியாகும்.

இடையில் ஒருநாள் தவறினாலும் தவசு கலைந்ததென்று விட்டுவிட வேண்டாம். மறுநாள் உகப்படிப்புக்கு வந்து தொடரட்டும்.

பதியில் தலைப்பாகையோடு கண்ணாடி முன் நிற்பவன் காண்பது தன் முகத்தையே. அந்த முகத்துக்குள் அய்யா இருக்கையில், அந்த வாய்க்குள் புகை எதற்கு?

அய்யா உண்டு!