காற்று மாறும் நேரம்

"பிள்ளை, நாளைக்கு வெளிக்கிடத்தான் வேணுமோ?"

மெல்பேர்ணுக்குக் கிழக்கே டண்டினோங் மலைச்சாரலில் தனியாக இருக்கும் என் மாமி தொலைபேசியில் கேட்டார். வேலை முடிந்து வந்து நான் சப்பாத்தைக்கூடக் கழற்றவில்லை. அடுத்த நாளுக்கு நாங்கள் எழுதிவைத்துவிட்டு வந்த கணிப்பு: 43 பாகை வெப்பம், மணிக்கு 60 கிலோமீற்றர் வடக்குக் காற்று, பத்து வீதத்துக்கும் குறைந்த ஈரப்பதன்.

"ஓம் மாமி. விடியவே வெளிக்கிட்டு எங்கட வீட்ட வாங்கோ."

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமில்லை. "எரியவேணும் எண்டு விதி இருந்தால் எங்க போனாலும் எரியும். சாமி விளக்கை நூத்துப்போட்டு நான் எப்பிடி வாறது?"

விக்டோரியா மாநிலத்தில் அரசாங்க வானிலையாளராக, அதிலும் காட்டுத்தீக்கான வானிலையைக் கணிப்பவளாக வேலை செய்கிறேன். வேலையிடத்தில் யாரும் என்னிடம் விதியைப் பற்றிக் கேட்பதில்லை. காற்று எத்தனை மணிக்கு மாறும் என்றுதான் கேட்பார்கள். மாமியோ யாழ்ப்பாணத்தில் முப்பது வருடம் சைவசமயம் படிப்பித்தவர். விபரம் தெரியாமல் சொன்ன சொல் அல்ல அது. அன்றிரவு எனக்கு நித்திரை வரவில்லை.

எங்கள் கோடையின் மோசமான நாட்கள் ஏறக்குறைய ஒரே மாதிரித்தான் உருவாகும். டஸ்மன் கடலுக்கு மேல் ஓர் உயர் அமுக்கம் வந்து அசையாமல் குந்திவிடும். அதைச் சுற்றி வரும் காற்று, கண்டத்தின் நடுப்பாலை வெப்பத்தை அள்ளிக்கொண்டு வடக்கிலிருந்து எங்கள்மேல் இறங்கும். மேற்கிலிருந்து குளிர்முகப்பு ஒன்று நெருங்க நெருங்க, காற்று வேகம் பிடிக்கும். பிறகு, பெரும்பாலும் பின்னேரத்தில், முகப்பு கடந்துபோகும். சில நிமிடங்களில் காற்று தென்மேற்குக்குத் திரும்பிவிடும். நகரத்தில் யன்னல்களைத் திறந்துவிட்டு "அப்பாடா" என்பார்கள்.

காட்டில் நடப்பது வேறு. அதுவரை வடக்குக் காற்று தீயை ஒடுங்கிய நீண்ட நாக்காகத் தெற்கே இழுத்துக்கொண்டு போயிருக்கும். காற்று திரும்பியதும் அந்த நாக்கின் பக்கவாட்டு முழுவதும் தீயின் முகமாகிவிடும். ஒரு கிலோமீற்றர் அகலத்தில் ஓடிய தீ இருபது கிலோமீற்றர் அகலத்தில் புறப்படும். 1998 டிசம்பர் 2ஆம் திகதி லின்டன் என்ற ஊருக்கு அருகே ஐந்து தன்னார்வத் தீயணைப்பாளர்கள் இறந்தது அப்படிக் காற்று திரும்பிய நேரத்தில்தான். ஆகவே எங்கள் வரைபடத்தில் மணிக்கு மணி ஒரு கோடு கீறுகிறோம்: இந்த மணிக்கு மாற்றம் இந்த ஊரில், அடுத்த மணிக்கு அந்த ஊரில். என் தொழிலில் நான் ஆகப் பயந்து கீறுவது அந்தக் கோடுகளைத்தான். ஒருமுறை ஆறு மணி என்று நான் சொன்ன மாற்றம் ஐந்தே காலுக்கு வந்தது. தீயணைப்பு வண்டிகள் ஏற்கெனவே எரிந்து முடிந்த கருநிலத்துக்குள் பின்வாங்கித் தப்பின. அந்த முக்கால் மணி நேரத்தை நான் இன்னும் மறக்கவில்லை.

மாமியின் விதிப் பேச்சுக்கு, அவர் படிப்பித்த சித்தாந்தத்திலேயே விடை இருக்கிறது என்று அன்றிரவு எனக்குப் பட்டது. வினையை மூன்றாகப் பிரிக்கிறார்கள். சேர்ந்து கிடப்பது சஞ்சிதம். அதில் இந்தப் பிறவிக்கென்று பழுத்து, அனுபவித்தே தீரவேண்டியது பிராரத்தம். இப்போது செய்து சேர்ப்பது ஆகாமியம். டஸ்மன் கடலின் அமுக்கமும், மாதக்கணக்காக மழை காணாத காடும், வைக்கோலாய்க் காய்ந்த புல்லும் நாளைய நாளின் பிராரத்தம். அவற்றை நானோ தீயணைப்புத் தலைவரோ மாற்ற முடியாது. ஆனால் பின்னேரம் நான்கு மணிக்கு மாமி எந்த ஊரில் நிற்கிறார் என்பது எந்த அமுக்கத்திலும் எழுதப்படவில்லை. அது ஆகாமியம். வள்ளுவர் ஊழுக்கு ஓர் அதிகாரம் வைத்தவர், ஆள்வினையுடைமைக்கும் ஓர் அதிகாரம் வைத்தார். ஒன்றை மட்டும் படித்துவிட்டுப் புத்தகத்தை மூடுவது அவருக்குச் செய்யும் நீதி இல்லை.

விதி என்ற சொல்லில் எனக்கு வெறுப்பில்லை. அதைச் சொல்லும் நேரம்தான் என்னை உறுத்துகிறது. 2009 பெப்ரவரி 7ஆம் திகதி, 'கறுப்புச் சனி' என்று இங்கே சொல்லும் நாள், மெல்பேர்ணில் வெப்பம் 46.4 பாகை. 1939இல் 71 பேர் இறந்த தீயின் நாளை 100 என்று வைத்து வகுத்த ஓர் ஆபத்து அளவுகோல் இருந்தது. அன்று அந்த நூறும் போதவில்லை. 173 பேர் இறந்தார்கள். அது திடீரென்று வந்த நாள் அல்ல. கணிப்பு நாட்களுக்கு முன்பே சொல்லப்பட்டது. முதல் நாளே மாநில முதல்வர் பகிரங்கமாக எச்சரித்தார். இறந்தவர்களில் 119 பேரைக் கொண்டுபோன கில்மோர் ஈஸ்ட் தீ, அறுந்து விழுந்த ஒரு மின்கம்பியில் தொடங்கியது என்று விசாரணை ஆணைக்குழு கண்டறிந்தது. அதற்குப் பின்புதான் எந்த வீடும் தாங்காது, விட்டு வெளியேறுங்கள் என்று சொல்லும் 'பேரழிவு' என்ற படி ஆபத்துப் பலகையில் ஏறியது. இவ்வளவும் மனிதர் கைக்குள் கிடந்த காரியங்கள். பிற்பாடு ஒரு பூசைக்குப் போன இடத்தில், "அதுகளின்ர விதி அப்பிடி" என்று ஒருவர் சொல்லக் கேட்டேன். என்னால் அந்த இடத்தில் இருக்க முடியவில்லை, எழுந்து வந்துவிட்டேன். அந்தச் சொல், அறுந்த கம்பியையும் காது வரை போகாத எச்சரிக்கையையும் ஒரே மூச்சில் மன்னித்துவிடுகிறது. மன்னிக்கும் உரிமை இறந்தவர்களுக்கு இருந்தது, எங்களுக்கு இல்லை.

தீ எல்லா இடத்திலும் தீமை என்றும் நான் சொல்லமாட்டேன். மாமியின் வீட்டுக்குப் பின்னால் நிற்கும் மலைச்சாம்பல் மரங்கள், தொண்ணூறு மீற்றர் உயரத்துக்கும் வளரும் யூகலிப்டஸ் வகை, பெருந்தீ வந்து போனால்தான் விதை கொட்டி, அந்தச் சாம்பலில் முளைக்கும். நடராசர் இடக்கையில் தீயை ஏந்தி நிற்பதன் பொருள் எனக்குப் புரிந்தது அந்தக் காட்டில்தான். ஆனால் அந்தக் கன்றுகள் விதை கொடுக்க இருபது வருடமளவு வேண்டும். அதற்குள் இன்னொரு தீ வந்தால் அந்த இடத்தில் அந்த மரம் இல்லாமலே போய்விடும். இப்போது தீக்கும் தீக்கும் இடையிலான காலம் குறுகிக்கொண்டு வருகிறது. வெப்பம் கூடுவதில் மனிதரின் பங்கு இருக்கிறபடியால், அதையும் சிவன் கணக்கில் எழுத எனக்கு மனம் ஒப்பவில்லை.

வேலைக்குப் புறப்படும்போது நான் திருநீறு பூசுவேன். என்ன கேட்டுக் கும்பிடுவது என்பது வெகுகாலம் எனக்குத் தெளிவில்லாமல் இருந்தது. கணிப்பு பொய்க்கவேண்டும் என்று கும்பிட்டால், அடுத்த முறை யார் நம்புவார்கள்? பலிக்கவேண்டும் என்று எந்த வாயால் கேட்பது? இப்போது இரண்டையும் கேட்பதில்லை. சொல்லவேண்டியதைச் சுற்றி வளைக்காமல் சொல்லும் தெம்பையும், அது போய்ச் சேரும் காதுகளையும் கேட்கிறேன்.

அடுத்த நாள் விடிய ஐந்தரைக்கு மாமியின் மகனை அனுப்பினேன். மாமி விளக்கை நூர்க்கவில்லை. அதிலிருந்து ஒரு சிறு அகலில் சுடர் ஏற்றி, அதைக் காரில் கொண்டுவரவேண்டும் என்று நின்றாராம். வறண்ட புல்லுக்கு நடுவே காருக்குள் சுடர் வேண்டாம் என்று நான் தொலைபேசியில் கெஞ்சினேன். அணைத்த விளக்கை ஈயத்தாளில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு வந்தார். இங்கே என் குசினி அலுமாரித் தட்டில் வைத்து, நல்லெண்ணெய் விட்டு, என் தீப்பெட்டியால் ஏற்றினார். "வேற நெருப்பு எண்டாலும் அதே சாமிதானே, மாமி?" என்றேன். திரியைக் கொஞ்சம் உயர்த்திவிட்டு, "ஓம்" என்றார்.

பின்னேரம் காற்று மாறியது. முற்றத்தில் எங்கேயோ இருந்து வந்த ஒரு யூகலிப்டஸ் இலை விழுந்தது. நரம்பு நரம்பாக உருக்குலையாமல், முழுக்கக் கறுத்து. மாமி குனிந்து தொட்டார், விரலில் தூளாகிவிட்டது.

அதற்குப் பிறகு மூன்று தடவை, நான் அழைத்த முதல் நாள் மாலையே மாமி வந்திருக்கிறார். மூன்று தடவையும் அவருடைய ஊரில் தீ எரியவில்லை. நான்காம் தடவையும் வருவேன் என்று சொல்லியிருக்கிறார்.