மொட்டைக் கடிதம்

மொட்டைக் கடிதம் எழுதுபவனைக் கோழை என்று இகழ்வது நம்மவரிடையே நெடுநாளாக இருந்துவரும் வழக்கமாகும். பெயரைச் சொல்ல அஞ்சுகிறவனுடைய பேச்சுக்கு மதிப்பென்ன என்று கேட்பார்கள். கேட்பதற்கு இது நியாயமாகவே தோன்றும். ஆயினும், இந்நியாயத்தைத் தோட்டத்து லயத்திலே கொண்டுபோய் வைத்துப் பார்த்தால் அது அவ்வளவு நேராக நிற்பதில்லை. இன்றோ கிள்ளானிலும் பிரிக்பீல்ட்ஸிலும் கைப்பேசி இல்லாத தமிழரைக் காண்பது அரிது. கைப்பேசி உடைய ஒவ்வொருவரும் ஓர் அச்சுக்கூடத்துக்கு அதிபராகிவிட்டனர். சொந்தப் பெயரில் எழுதுவோரும் உளர். பூவின் பெயரிலும் புலியின் படத்திலும் ஒளிந்து எழுதுவோரும் உளர். ஆகவே, பெயரை மறைத்துப் பேசும் உரிமை யாருக்கு உண்டு என்னும் வினாவை மீண்டும் எடுத்து ஆராய வேண்டியிருக்கிறது.

முதலில் பழைய நாளைக் கவனிப்போம். 1941ஆம் ஆண்டில் கிள்ளான் வட்டாரத்து ரப்பர்த் தோட்டங்களில் தமிழ்த் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தனர். அவர்கள் கேட்டது கூலி உயர்வு மட்டுமன்று. கள்ளுக்கடைகளை மூட வேண்டும்; பெண்களிடம் முறைகேடாக நடப்பதை நிறுத்த வேண்டும்; பிள்ளைகளுக்குத் தக்க கல்வி வேண்டும்; துரைமார் எதிரே வரும்போது சைக்கிளை விட்டு இறங்காமலே செல்ல அனுமதி வேண்டும் என்றெல்லாம் கேட்டனர். சைக்கிளைப் பற்றிய கோரிக்கையை இன்றைய இளைஞர் வேடிக்கை என்று நினைக்கக்கூடும். தன் தகப்பன் சைக்கிளை விட்டிறங்கித் தலைகுனிந்து நிற்பதைப் பார்த்து வளர்ந்த பிள்ளைக்கு அது வேடிக்கையாக இருந்திராது. அதே பட்டியலில்தான் பேச்சுரிமையும் கூட்டம் கூடும் உரிமையும் இடம்பெற்றிருந்தன.

அப்போராட்டத்தின் முன்னணியில் நின்ற ஆர். எச். நாதன், 1924இல் தோன்றி 2019இல் நின்றுபோன 'தமிழ் நேசன்' பத்திரிகையில் பணியாற்றியவர். பெயரை மறைக்காமல் பேசினார். 1941 மே மாதத்தில் கைதுசெய்யப்பட்டு இந்தியாவுக்கு நாடு கடத்தப்பட்டார். வேலைநிறுத்தத்தை அடக்கப் படை வந்தது. தொழிலாளர் உயிர்கள் போயின. பெயர் சொல்லிப் பேசுவதற்கு விலை இதுவாக இருந்த காலத்தில், கங்காணியின் கொடுமையை எழுதி, அடியில் 'உண்மை விளம்பி' என்று மட்டும் ஒப்பமிட்டுப் பத்திரிகைக்கு அனுப்பியவனைக் கோழை என்பது எங்ஙனம் பொருந்தும்? அவனுக்கு வேலை கொடுத்தவனும் வீடு கொடுத்தவனும் ஒருவனே. பெயர் வெளிப்பட்டால் மறுநாளே இரண்டும் போய்விடும். ஆகவே அந்தப் புனைபெயர் எளியவனுக்குக் கிடைத்த ஒரே கேடயம் என்க.

ஆனால் அந்தக் கேடயத்துக்குப் பின்னே ஒருவர் இருந்தார் என்பதை நாம் மறந்துவிடுகிறோம். அவர்தாம் பத்திரிகாசிரியர். பெயரையும் விலாசத்தையும் பிரசுரிக்க வேண்டியதில்லை, எமக்கு மட்டும் தெரிவித்தால் போதும் என்பது பத்திரிகைகளின் பழைய விதி. ஊருக்குத் தெரியாத பெயர் ஒருவருக்குத் தெரிந்திருந்தது. பொய்யென்று தோன்றியதை அவர் குப்பைக்கூடையில் இடுவார். வழக்கு வந்தால் அவரே கூண்டில் ஏறுவார். இன்று அந்த நாற்காலி காலியாகக் கிடக்கிறது. எண்பது இலட்சம் பயனர்க்கு மேற்பட்ட சமூக ஊடகங்கள் உரிமம் பெற வேண்டுமென்று மலேசிய அரசாங்கம் 2025 ஜனவரி முதல் விதித்திருப்பது உண்மையே. உரிமம் பெற்றவர் எல்லாரும் ஆசிரியர் ஆகிவிடுவரா? எத்தனை பேர் பார்த்தனர் என்று அந்தக் கம்பெனிகள் எண்ணுகின்றன. எழுதியது மெய்யா என்று நிறுத்திக் கேட்பாரைக் காணோம்.

இவ்வாறு கூறுவதால் புதிய சாதனத்தை நாம் வெறுக்கிறோம் என்று யாரும் கருதவேண்டா. 2021 டிசம்பர் 18ஆம் நாள் தொடங்கிய பெருவெள்ளத்தில் ஷா ஆலம் தாமான் ஸ்ரீ மூடா மூழ்கியது. வீட்டு மாடியிலும் கூரையிலும் ஏறிநின்ற மக்கள் கைப்பேசியிலேதான் குரல் கொடுத்தார்கள். தெரு இன்னது, வீட்டு எண் இன்னது, குழந்தை இருக்கிறது, முதியவர் இருக்கிறார் என்று எழுதினார்கள். அதைப் பார்த்துப் படகு கொண்டுபோனவர்களுள் அரசாங்க ஊழியர் அல்லாதாரும் பலர். அச்செய்திகளில் மறைவு எதுவுமில்லை. கூரைமேல் நிற்பவன் மொட்டைக் கடிதம் எழுதுவதில்லை.

இனி, சொல்ல மனம் நோகும் செய்திக்கு வருகிறோம். ஈஷா என்ற பெயரால் டிக்டாக்கில் பலரும் அறிந்திருந்த அ. ராஜேஸ்வரி, கோலாலம்பூர்ப் பகுதியில் வாழ்ந்த நம் தமிழ்ப் பெண். நேரலைகளில் அவரைக் குறித்து இழிசொற்களும் மிரட்டல்களும் வீசப்பட்டன. வீசியவர்கள் அந்நியரல்லர், தமிழர்களே. தம் பெயரை விட்டு, கணக்குக்கென்று சூட்டிக்கொண்ட பெயர்களில் நின்று பேசினர். அவர் காவல்துறையில் புகார் கொடுத்தார். மறுநாள், 2024 ஜூலை 5ஆம் தேதி, தம் இல்லத்தில் உயிரற்றுக் காணப்பட்டார். நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டோருள் ஒருவருக்கு விதிக்கப்பட்ட தண்டனை நூறு வெள்ளி அபராதம்! நாடெங்கும் கொதித்தெழுந்தனர். 1955ஆம் ஆண்டுச் சிறுகுற்றச் சட்டம் அனுமதித்த உச்சத்தொகையே அதுதான். சுதந்திரத்துக்கு முன்னே இயற்றிய சட்டம் கைப்பேசியைக் கனவிலும் கண்டதில்லை. பின்னர்த் தண்டனைச் சட்டம் திருத்தப்பட்டு, 2025 ஜூலை 11ஆம் நாள் நடைமுறைக்கு வந்தது. துன்புறுத்தல் ஒருவரைத் தற்கொலைக்குத் தூண்டினால் பத்தாண்டுவரை சிறை உண்டு.

லயத்து 'உண்மை விளம்பி' அணிந்ததும் முகமூடி. இவர்கள் அணிந்ததும் முகமூடி. வேறுபாடு எங்கே? பெயர் வெளிப்பட்டால் யார் யாருக்கு அஞ்ச வேண்டும் என்பதில்தான் என்று நாம் கருதுகிறோம். தொழிலாளி துரைக்கு அஞ்சினான். அவ்வச்சத்துக்குக் காரணம் இருந்தது. ஒரு பெண்ணை ஏசுகிறவன் யாருக்கு அஞ்சுகிறான்? அப்பெண்ணுக்கா? இல்லை. தன் தாய்க்கும் மனைவிக்கும் அண்டை வீட்டாருக்கும் தான் பேசியது தெரிந்துவிடுமே என்றுதான் அஞ்சுகிறான். முன்னவன் தண்டனைக்கு ஒளிந்தான். பின்னவன் வெட்கத்துக்கு ஒளிகிறான்.

எளியவர் யார், வலியவர் யார் என்று இங்கே துணிவது எளிதன்று. ஆயிரக்கணக்கானோர் பின்தொடரும் ஒருவரை வலியவரென்றே பார்ப்பவர் எண்ணுவர். ஆனால் நள்ளிரவில் கைப்பேசியில் தம்மீது வசை பொழிவதைக் கேட்கும்போது அவர் ஒருத்தியே. ஏசுவோரும் கேட்டுச் சிரிப்போரும் பலர். பிடிக்காவிட்டால் மூடிவைத்துவிட்டுப் போகலாமே என்று சிலர் கேட்கின்றனர். கடைத்தெருவில் ஒருத்தியை ஏசினால், அவள் இனித் தெருவுக்கு வராதிருக்கட்டும் என்பது போன்ற நியாயம் இது. அந்த நேரலைகளை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தோரைப் பற்றி எந்தச் சட்டமும் பேசவில்லை. பேசவும் முடியாது போலும்.

இதனால், எல்லாரும் அடையாள அட்டைப் பெயரிலேயே எழுத வேண்டுமென்று கட்டளையிடலாமே என்பர் சிலர். அதை நாம் ஏற்கவில்லை. 1998ஆம் ஆண்டின் தகவல்தொடர்பு, பல்லூடகச் சட்டத்து 233ஆம் பிரிவு, ஆட்சியாளரைக் குறைகூறினோர்மீதும் பாய்ந்ததுண்டு. பெயரைக் கட்டாயமாக்கினால் முதலில் வாய் மூடுகிறவர்கள் ஏசுவோர் அல்லர். சம்பளம் தராத முதலாளியைப் பற்றி எழுதும் தொழிற்சாலைப் பெண்ணும், லஞ்சத்தைச் சொல்லும் சிற்றூழியருமே ஆவர். அவர்களிடமிருந்து கேடயத்தைப் பறிப்பது கிள்ளான் தொழிலாளர் கேட்ட உரிமையைத் திருப்பிக் கொடுப்பதாகும்.

வாட்சாப்புக் குழு இல்லாத ஆலயக் குழுவோ, தமிழ்ப்பள்ளி முன்னாள் மாணவர் கூட்டமோ கிள்ளான் பள்ளத்தாக்கில் இன்று இல்லையெனலாம். ஒவ்வொன்றுக்கும் ஒரு குழுத் தலைவர் உண்டு. பொழுது விடிந்ததும் வணக்கப் படம் அனுப்புவதே தம் கடமையென்று அவருள் பலர் இருந்துவிடுகின்றனர். யாரோ ஒரு பெண்ணைப் பற்றிய காணொளி அக்குழுவுக்குள் வந்து விழும்போது, 'இதை எழுதியவர் யார்? உமக்கு எப்படித் தெரியும்?' என்று கேட்டு அதை அங்கேயே நீக்க அவருக்கு அதிகாரமிருக்கிறது. காலியாகக் கிடக்கும் ஆசிரியர் நாற்காலி அவர் வீட்டுத் திண்ணையிலேயே இருக்கிறது; அவர் அதில் உட்காரவேண்டியதுதான்.