துணிவின் நான்கு படிகள்



முடிவெடுத்தல் என்னும் சொல்லை நாம் நாள்தோறும் வழங்குகிறோம். நிலத்தை விற்க முடிவெடுத்தோம் என்கிறோம். மகளுக்கு வரனை முடிவு செய்தோம் என்கிறோம். இதற்குத் துணிவு என்றொரு பழஞ்சொல்லும் உண்டு. துணித்தல் என்றால் வெட்டுதல். ஐயத்தை அறுத்து ஒன்றில் நிலைபெறுதலே துணிவு. அச்சமின்மையையும் அச்சொல் குறிப்பதால், ஆராயாது விரைந்து செய்வதையே துணிவென மயங்குவாரும் உளர்.

உமாசுவாமிகள் தத்துவார்த்த சூத்திரத்தில் மதிஞானத்தை அவக்கிரகம், ஈஹை, அவாயம், தாரணை என நான்கு படிகளாக வகுத்தருளினார். பூச்சியபாதர் தம் உரையில் இதற்கு எளிய சான்று காட்டுகிறார். வெண்மையான உருவம் ஒன்று தெரிகிறது, இஃது அவக்கிரகம். கொக்கோ, கொடியோ என ஆராய விழைவது ஈஹை. அது மேலெழுந்தும் கீழிறங்கியும் சிறகடிப்பது கண்டு, கொக்கே எனத் தெளிவது அவாயம். அதனைப் பின்னரும் மறவாதிருப்பது தாரணை.

அறிவுக்குச் சொன்ன இம்முறை செயலுக்கும் பொருந்தும். நேமிநாத சுவாமியின் வரலாற்றை நினைமின். மணக்கோலத்தில் சென்றவர் அடைபட்ட விலங்குகளின் ஓலத்தைக் கேட்டார். கேட்டவுடன் கடந்து செல்லவில்லை. இவை ஏன் அடைக்கப்பட்டன என வினவினார். தம் திருமண விருந்துக்காக என்றறிந்ததும் மணத்தைத் துறக்கத் துணிந்தார். கிர்நார் மலையில் துறவு பூண்டபின் இல்லறத்துக்கு மீளவில்லை. நான்கு படிகளும் அங்கே நிறைவுற்றன.

நம் இல்லங்களிலோ இரண்டாம் படியே பெரிதும் விடுபடுகிறது. தந்தை மறைந்தபின் பிள்ளைகள் கூடுகின்றனர். ஊர் வீட்டை விற்பது, தாயை நகரத்துக்கு அழைத்துச் செல்வது என ஒரே மாலையில் முடிவாகிறது. எல்லாரும் அன்பினாலேயே பேசுகின்றனர். ஆயினும் அடுக்களையில் இருக்கும் அத்தாயை, "அம்மா, உங்கள் எண்ணம் என்ன?" என்று எவரும் வினவுவதில்லை. நாள்தோறும் சினாலயம் சென்று வணங்கிய கால்கள் இனி எங்கே செல்லும் என்பதும் அவர்தம் நினைவில் எழுவதில்லை. ஒரு பொருளுக்குப் பல பக்கங்கள் உண்டெனும் அநேகாந்தத்தைப் பள்ளியில் கேட்டு வந்து, வீட்டில் ஒரு பக்கம் மட்டும் பேசுதல் தகுமோ?

ஆதலின் அன்பர்களே, எம்முடிவுக்கும் முன்னர், "இதனால் வாழ்வு மாறுபவர் யார்? அவரைக் கேட்டோமா?" என வினவுவோமாக. வினவியபின் தெளிவோம், தெளிந்தபின் தளராது காப்போம். கேளாது எடுத்த முடிவு பிறர்மேல் சுமத்திய நம் விருப்பமேயன்றி வேறில்லை. பிற உயிரின் உள்ளத்தை வருத்தாமையும் கொல்லாமை நோன்பின் ஒரு கூறே.

அறம் வளர்க!