இயந்திரம் ஓதும் இலக்கணம்

மதரஸாவில் நஹ்வு ஓதத் தொடங்கும் மாணவன் எவனாயினும் முதன்முதலில் சந்திக்கும் வாக்கியம் ஒன்று உண்டு: ‘ளரப ஜைதுன் அம்ரன்.’ ஜைது அம்ரை அடித்தான். எத்தனையோ தலைமுறைகளாக ஜைது அடித்துக்கொண்டே இருக்கிறான். அம்ரு அடிபட்டுக்கொண்டே இருக்கிறான். ஏன் அடித்தான், அது நியாயந்தானா என்று எந்தக் கிதாபும் கேட்பதில்லை. ‘ளரப’ ஃபிஅல், ‘ஜைதுன்’ ஃபாயில், ஆகவே ரஃபஉ, ‘அம்ரன்’ மஃப்ஊல், ஆகவே நஸபு. இவ்வளவும் தடுமாறாமல் சொல்லிவிட்டால் உஸ்தாதுக்கு மகிழ்ச்சி. நான் ஓதிய காலத்தில் ஒருநாள், “அம்ரு செய்த குற்றம் என்ன, ஹஜ்ரத்?” என்று கேட்டுவிட்டேன். “நஸபு பெற்றதுதான்” என்று சொல்லிச் சிரித்துவிட்டு, உஸ்தாது அவர்கள் அடுத்த வரிக்குச் சென்றுவிட்டார்கள்.

அந்தப் பழைய வினா அண்மையில் மீண்டும் என் நினைவுக்கு வந்தது. என் மருமகன் கணிப்பொறித் துறையில் பணி செய்பவன். தமக்கை மகனைத்தான் சொல்கிறேன். மகளின் கணவனை அன்று. கணிப்பொறி ஓர் ஆங்கில வாக்கியத்துக்கு எவ்வாறு இலக்கணம் கூறுகிறது என்பதை, விடுமுறைக்கு வந்திருந்தபோது அவன் எனக்கு ஒரு தாளில் எழுதிக் காட்டினான். அவன் எடுத்துக்கொண்டது எளிய வாக்கியம்: ‘தி கேர்ள் சா தி மேன் வித் தி டெலஸ்கோப்.’ சிறுமி, கண்டாள், மனிதன், தொலைநோக்கி என்னும் நான்கு பொருட்சொற்களும், அவற்றை இணைக்கும் சிறு சொற்களும். எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கும் இதில் தடையிராது.

இயந்திரத்திடம் இருப்பவை இரண்டே. ஒன்று, ஒவ்வொரு சொல்லும் எவ்வினத்தைச் சேர்ந்தது என்னும் அகராதி. மற்றொன்று, எவ்வினம் எவ்வினத்தோடு சேர்ந்தால் எந்தத் தொடர் உண்டாகும் என்னும் விதிகள். சுட்டும் பெயரும் சேர்ந்தால் பெயர்த்தொடர். ‘வித்’ போன்ற முன்னிடைச்சொல்லோடு பெயர்த்தொடர் சேர்ந்தால் இடைத்தொடர். வினையும் பெயர்த்தொடரும் சேர்ந்தால் வினைத்தொடர். இடைத்தொடர் ஒரு பெயர்த்தொடரின் பின்னும் ஒட்டலாம். ஒரு வினைத்தொடரின் பின்னும் ஒட்டலாம். பெயர்த்தொடரும் வினைத்தொடரும் கூடினால் வாக்கியம். இந்த ஆறு விதிகளே இவ்வாக்கியத்துக்குப் போதும்.

பின்னர் அது கொத்தனார் சுவர் எழுப்புவதுபோல் அடியிலிருந்து கட்டுகிறது. ‘தி கேர்ள்’ ஒரு பெயர்த்தொடர், குறித்துக்கொள்கிறது. ‘தி மேன்’ மற்றொன்று. ‘சா’ என்பதற்குக் ‘கண்டாள்’ என்றும் பொருளுண்டு, ‘ரம்பம்’ என்றும் பொருளுண்டு. ‘சிறுமி ரம்பம்’ என்று தொடங்கினால் மேலே கட்ட எந்த விதியும் இடந்தராது. ஆகவே ரம்பம் தானே உதிர்ந்துவிடுகிறது. ரம்பம் என்றால் என்னவென்று அறிந்து அது விலக்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். கல் பொருந்தவில்லை, அவ்வளவே. இவ்வாறு சிறு துண்டுகளைக் கட்டமிட்ட அட்டவணையில் எழுதி வைத்துப் பெருந்துண்டுகளாக்கும் முறையை, 1960களில் காக், கசாமி, யங்கர் என்னும் மூவர் தனித்தனியே வகுத்தனர்.

இறுதியில் வருவது ஒரு விடையன்று, இரண்டு. ‘வித் தி டெலஸ்கோப்’ என்பதை வினையோடு ஒட்டினால், சிறுமி தொலைநோக்கியால் மனிதனைக் கண்டாள். மனிதனோடு ஒட்டினால், தொலைநோக்கி வைத்திருந்த மனிதனைக் கண்டாள். இயந்திரம் இரண்டு மரங்களை வரைந்து அருகருகே வைத்துவிட்டு நின்றுவிடுகிறது. இது தமிழில் நேராத இடர்ப்பாடு. நம் வேற்றுமை உருபு இதற்கு இடங்கொடாது. அவ்வாக்கியத்தை மொழிபெயர்க்க முனையும்போதே நாம் ஒரு பக்கம் சாய்ந்துவிடுகிறோம்.

இத்தகைய இடைத்தொடர்கள் கூடக்கூட மரங்களும் பெருகும். ஒன்றானால் 2 மரம், இரண்டானால் 5, மூன்றானால் 14, நான்கானால் 42. இக்கணக்கை 1982ஆம் ஆண்டில் ஆய்வாளர் இருவர் விளக்கியெழுதினர். அதற்கு முன்பே, 1960களில், ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் சுசுமு குனோவும் ஆந்தனி எட்டிங்கரும் அமைத்த பகுப்புப் பொறியில் இது தலைகாட்டிவிட்டது. ‘டைம் ஃப்ளைஸ் லைக் அன் ஏரோ’ என்பது, காலம் அம்பெனப் பறக்கிறது என்று யாவரும் ஐயமின்றிக் கொள்ளும் வாக்கியம். பொறியோ வேறு வழிகளையும் கண்டது. ‘ஃப்ளைஸ்’ என்றால் ஈக்கள். ‘டைம்’ என்றால் நேரத்தைக் கணக்கிடு என்னும் ஏவல். ஆகவே ஈக்களின் வேகத்தை அம்புபோல் கணக்கிடு. ‘லைக்’ என்றால் விரும்புதல். ஆகவே ‘காலஈ’ என்னும் ஒருவகை ஈக்கள் ஓர் அம்பை விரும்புகின்றன. கேட்டவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் பொறி கூறிய இலக்கணத்தில் பிழையில்லை.

சிரித்து முடித்தபின் எனக்கு நன்னூல் நினைவுக்கு வந்தது. தொகைச்சொற்கள் இரண்டு முதல் ஏழு வரை பொருள் மயங்கும் என்று பவணந்தியார் வரையறுத்திருக்கிறார். ‘பொன்மணி’ என்பதற்கு உரைகாரர்கள் ஐந்து பொருள் விரிப்பர்: பொன்னாலாகிய மணி, பொன்னாகிய மணி, பொன்னின்கண் மணி, பொன்னோடு சேர்ந்த மணி, பொன்னும் மணியும். ‘சொற்பொருள்’ என்பதற்கு ஏழு. ஹார்வர்டுப் பொறி செய்த வேலையை நம் உரைகாரர்கள் பனையோலையில் செய்திருக்கிறார்கள். எது சரியென்று அவர்களும் அங்கே தீர்ப்புச் சொல்லவில்லை; விரித்துக் காட்டுவதோடு நிறுத்திக்கொண்டார்கள்.

அவ்வாறாயின் தீர்ப்பு எங்கிருந்து வருகிறது? அரபி இலக்கணிகள் இதை நேர்நின்று பார்த்தவர்கள். ‘மூஸா’, ‘ஈஸா’ போன்ற பெயர்களின் ஈற்றில் ரஃபஉம் நஸபும் வெளிப்படா. (நபிமார்களைக் குறித்ததன்று, அப்பெயர் தாங்கிய யாரோ இருவரை வைத்துச் சொல்லும் உதாரணம்.) ஆகவே ‘ளரப மூஸா ஈஸா’ என்றால், முதலில் நிற்பவனே அடித்தவன் என்று கொள்வது கட்டாயம் என்றனர். அங்கே அரபியும் ஆங்கிலம்போல் வரிசையை நம்பிப் பிழைக்கிறது. ஆனால் ‘அகல அல்கும்மஸ்ரா மூஸா’ என்னுமிடத்தில் அந்த விதியைத் தளர்த்திவிட்டனர். ‘கும்மஸ்ரா’ என்பது பேரிக்காய். முதலில் நிற்பதனால் பேரிக்காய்தான் மூஸாவைத் தின்றது என்று யாரும் கொள்ள மாட்டார்கள். பொருளே இங்கே அடையாளம் என்றார்கள். அந்த ஓரிடத்தில் இலக்கணம் தன் வாயிலைத் திறந்து, உலக அறிவை உள்ளே அழைத்துக்கொள்கிறது.

சொல்லமைப்பு நேராக இருப்பதும் சொன்னது மெய்யாக இருப்பதும் வேறு வேறு என்பதை 8ஆம் நூற்றாண்டில் ஸீபவைஹி தம் நூலின் தொடக்கப் பகுதியிலேயே பிரித்துக் காட்டினார். மலையைச் சுமந்தேன் என்று ஒருவன் கூறினால் வாக்கியம் நேரானது, செய்தி பொய்யானது. நாளை வந்தேன் என்றால் சொல்லே தன்னை முறிக்கிறது. 1957இல் நோம் சோம்ஸ்கி, நிறமேயில்லாத பச்சை எண்ணங்கள் தூங்குவதாக ஒரு வாக்கியம் அமைத்து, இலக்கணம் வேறு, பொருள் வேறு என்று ஆங்கிலத்தில் காட்டினார். 1972இல் டெர்ரி வினோகிராட் இன்னும் நுட்பமான ஒன்றை முன்வைத்தார். ஆர்ப்பாட்டக்காரர்க்கு நகர சபையார் அனுமதி மறுத்த செய்தி அது. காரணம் கூறுமிடத்தில் ‘அவர்கள்’ என்றொரு சொல் வருகிறது. வன்முறைக்கு அஞ்சினர் என்று முடித்தால் ‘அவர்கள்’ சபையார். வன்முறையை ஆதரித்தனர் என்று முடித்தால் ஆர்ப்பாட்டக்காரர். மரம் இரண்டிலும் ஒன்றே. மனிதர்களை அறிந்தவனுக்கே விடை தெரியும் என்று அன்று எண்ணினார்கள்.

அவ்வெண்ணமும் நிலைக்கவில்லை. 1993இல் பென்சில்வேனியாவிலிருந்து, 45 லட்சம் சொற்களுக்குமேல் குறியிட்ட ஆங்கிலத் தொகுதி ஒன்று வெளிவந்தது. எந்த மரம் மிகுதியாக வழங்குகிறது என்பதை இயந்திரங்கள் இத்தகைய தொகுதிகளிலிருந்து எண்ணிக் கற்றன. பின்வந்த பெரும் மொழி மாதிரிகள் மரத்தை வரைந்து காட்டுவதே இல்லை. நேரே விடைக்குப் போகின்றன. 2019 வாக்கில் வினோகிராட் வகை வினாக்களுக்கும் பெரும்பாலும் சரியாகவே விடை கூறிவிட்டன. ஆகவே இயந்திரத்துக்குப் பொருள் தெரியாது என்று சொல்லி எளிதில் தப்பித்துக்கொள்ள நான் விரும்பவில்லை. என் உள்ளத்தை உறுத்துவது வேறொன்று. அதற்கு என் வாழ்வில் நடந்ததைச் சொல்ல வேண்டும்.

1994ஆம் ஆண்டு. ஓதி முடித்து ஊருக்கு வந்து ஆசிரியனாக அமர்ந்திருந்தேன். அரபியும் தமிழும் கற்றவன் என்னும் பெயர் இருந்தது. அதனால் வந்த மிடுக்கும் இருந்தது. சவூதியில் வேலை பார்த்த ஒருவர், நோன்புப் பெருநாளுக்குப் பத்து நாள் இருக்கையில் தம் வாப்பாவுக்கு ஒரு டிராஃப்டும் கடிதமும் அனுப்பியிருந்தார். பெரியவருக்குக் கண் மங்கல். என்னை அழைத்துப் படிக்கச் சொன்னார். ‘இந்தப் பணத்தில் தம்பி பிள்ளைகளுக்குப் பெருநாள் துணி எடுத்துக் கொடுங்கள்’ என்று இருந்தது. “உங்கள் இளைய மகனாருடைய பிள்ளைகளுக்குத் துணி எடுக்கச் சொல்லியிருக்கிறார்” என்று விளக்கமும் சேர்த்துச் சொன்னேன். அப்படியே எடுத்தார்கள். கடிதம் எழுதியவரின் சொந்தப் பிள்ளைகள் மூவரும் அந்தப் பெருநாளன்று பழைய துணியோடு தொழுகைக்கு வந்தார்கள். தகப்பனுக்குத் தம் நினைவு வரவில்லை என்றே அவர்கள் எண்ணினார்கள். மாமனார் முன்னிலையில் அவர்களுடைய தாயாரும் வாய் திறக்கவில்லை. கணவருக்கும் ஒரு வரி எழுதிக் கேட்கவில்லை.

இரண்டாண்டு கழித்து அவர் ஊருக்கு வந்தபோதுதான் மனத்தாங்கல் வெளியே வந்தது. தம்பிக்கும் பிள்ளைகளுக்கும் என்பதே அவர் எண்ணம். உம்மைத்தொகை! நான் ஆறாம் வேற்றுமைத் தொகையாகக் கொண்டுவிட்டேன். நன்னூலை மனப்பாடமாக ஒப்பிப்பவன் நான். மன்னிப்புக் கேட்கச் சென்றபோது, அந்தப் பெண்மணி கதவின் பின்னிருந்து ஒன்றுதான் சொன்னார்: “எழுத்தைப் பார்த்தீர்கள், ஹஜ்ரத். முற்றத்தில் என் பிள்ளைகள் நின்றதைப் பார்க்கவில்லையே.”

எண்ணிப் பார்த்தால் நான் பெரும்பான்மையோடுதான் நின்றிருக்கிறேன். ‘தம்பி பிள்ளைகள்’ என்றால் நூற்றுக்குத் தொண்ணூறு பேர் தம்பியுடைய பிள்ளைகள் என்றே கொள்வர். எண்ணிக் கற்ற இன்றைய இயந்திரமும் என் பக்கமே சாய்ந்திருக்கும் என்பது என் துணிபு. ஆனால் அந்தக் கடிதத்தை எழுதியவர் பெரும்பான்மையல்லர், ஒரு மனிதர். ஊரார் வழக்கை வைத்து ஒருவரின் நிய்யத்தை முடிவு செய்யும் உரிமை எனக்கு எங்கிருந்து வந்தது? அவருடைய சொல் என் கையில் அமானிதமாக இருந்தது. கடைத்தெருவில் தொலைபேசி நிலையம் இருந்தது, கேட்டிருக்கலாம். கேட்கத் தோன்றவில்லை, ஏனெனில் இரண்டு பொருள் இருப்பதே எனக்குத் தெரியவில்லை. தவறான மரத்தைத் தெரிந்தெடுத்தேன் என்பதைவிட, தெரிந்தெடுத்தேன் என்பதையே அறியாதிருந்ததுதான் என் குற்றம். ஈக்கள் அம்பை விரும்புவதாகச் சொன்ன அந்தப் பழைய பொறி அன்று என் இடத்தில் இருந்திருந்தால், இரண்டு மரங்களை வரைந்து பெரியவர் முன் வைத்திருக்கும். அவரும் மகனைக் கேட்டிருப்பார். சரளமாக ஒரே விடை கூறும் புதிய பொறிகளைக் காணும்போது, எனக்கு என் இருபத்து நான்காம் வயதுதான் நினைவுக்கு வருகிறது.

இவ்வாண்டு தொகைநிலை பாடம் நடத்துகையில், ‘பொன்மணி’யை விட்டுவிட்டு ‘தம்பி பிள்ளைகள்’ என்று கரும்பலகையில் எழுதினேன். ஒரு மாணவன் எழுந்து இரண்டு விதமாகவும் விரித்துக் காட்டினான். பின்னர், “இதில் எது சரி, ஹஜ்ரத்?” என்றான். தெருக்கோடி வீட்டில் அதை எழுதியவர் இன்னும் நலமாக இருக்கிறார்கள், அஸருக்குப் பின் போய்க் கேட்டுவா என்று அனுப்பினேன்.