எண் வராத கட்டம்

ராணிப்பேட்டை சிப்காட். தோல் ஆலையின் எடைமேடையை ஒட்டிய சிறிய அறை. ஒரு கணினி, ஒரு மின்விசிறி.

சுவருக்கு அந்தப் பக்கம் டிரம் சுற்றுகிறது. தரை லேசாக அதிர்கிறது.

சுண்ணாம்பு வாசம். சற்று நேரத்தில் மூக்கு அதை மறந்துவிடுகிறது.


சுண்ணாம்பு முடிந்த தோல் மேடையில் ஏறுகிறது. ஈரம் சொட்டுகிறது. இண்டிகேட்டரில் சிவப்பு எண்கள் ஓடி, நிற்கின்றன.

திரையில் ஃபார்ம் திறந்திருக்கிறது. எடைக்கான கட்டம் காலி.

"வந்துச்சா சார்?"

வரவில்லை.


பிழைச்செய்தி ஏதும் இல்லை. புரோகிராம் ஓடிக்கொண்டிருக்கிறது. ஈவென்ட் மட்டும் ஃபயர் ஆகவில்லை.


விஷுவல் பேசிக் 6. 1998-இல் வந்தது. அதில் எழுதும் கருவிக்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2008-இல் நிறுத்திக்கொண்டது. எழுதி வைத்த புரோகிராம்கள் விண்டோஸில் இன்னும் ஓடுகின்றன.

இந்தப் புரோகிராமை எழுதியவர் இப்போது இங்கே இல்லை. அவர் விட்ட இடைவெளிகள், அவர் வைத்த பெயர்கள் இருக்கின்றன.


பிரேக்பாயின்ட் வைக்கிறேன். ஓரத்தில் ஒரு சிவப்புப் புள்ளி.

தோலை இறக்கி மறுபடி ஏற்றுகிறார்கள்.

புள்ளியில் எதுவும் வந்து நிற்கவில்லை.


மேடையிலிருந்து வரும் ஒயர் சீரியல் போர்ட்டில் சேர்கிறது. அங்கே கேட்டுக்கொண்டிருப்பது எம்எஸ்காம் என்ற கன்ட்ரோல். எழுத்துகள் வந்தால் ஆன்காம் ஈவென்ட் எழ வேண்டும். எத்தனை வந்தால் எழ வேண்டும் என்பது ஆர்திரெஷோல்டில் இருக்கிறது. அது தானாக வைத்திருக்கும் மதிப்பு 0. அந்த 0 மாறாதவரை, எத்தனை எழுத்து வந்து பஃபரில் சேர்ந்தாலும் அழைப்பு இல்லை.

இங்கே 1 என்று இருக்கிறது.

மனம் அடுத்த காரணத்துக்கு ஓடுகிறது. ஓடட்டும்.


கன்ட்ரோலின் பெயரை மாற்றினால், பழைய பெயரில் எழுதிய சப் ஜெனரல் பகுதியில் போய்க் கிடக்கிறது. கம்பைல் ஆகிறது. யாரும் அதைக் கூப்பிடுவதில்லை.

டைமரின் இன்டர்வல் 0 என்றால் டைமர் எழுவதில்லை.

கீபிரிவ்யூ இல்லையென்றால், கட்டத்துக்குள் அழுத்திய எழுத்து ஃபார்முக்குத் தெரிவதில்லை.

என்டர் தட்டி டிஃபால்ட் பட்டனை இயக்கும்போது ஃபோகஸ் கட்டத்தை விட்டு நகர்வதில்லை. லாஸ்ட்ஃபோகஸ் எழுவதில்லை.

ஒரு லூப் நீளமாக ஓடும்போது விண்டோஸ் அனுப்பும் செய்திகள் வரிசையில் நிற்கின்றன. டூஈவென்ட்ஸ் என்று நடுவில் ஒரு வரி. வரிசை நகர்கிறது.

ஒவ்வொன்றையும் பார்க்கிறேன். ஒவ்வொன்றும் சரியாக இருக்கிறது.


தோளில் ஒரு இறுக்கம். எப்போது வந்தது என்று தெரியவில்லை.

மூச்சு உள்ளே போகிறது. மின்விசிறி ஒரு சுற்றில் லேசாகத் தட்டுகிறது.


வெளியே ஒருவர் எடையை நோட்டில் எழுதிக்கொள்கிறார்.

இந்த எடையில் இத்தனை சதவீதம் என்றுதான் தண்ணீரும் குரோமும் டிரம்முக்குள் போகின்றன. தோல் நீலமாகிறது. தோல் பிடித்துக்கொள்ளாத குரோம் தண்ணீரோடு வெளியே வருகிறது.

பாலாற்றுப் படுகையின் தோல் ஆலைகளைப் பற்றி உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்ட் 28-இல் தீர்ப்பளித்தது. மாசுபடுத்தியவரே ஈடு தர வேண்டும் என்றது.

இந்தக் காலிக் கட்டத்தில் வர வேண்டிய எண்ணும் அந்த ஆற்றோடு சேர்ந்ததுதான்.


ஃபார்ம் லோட். முதல் வரி: ஆன் எரர் ரெஸ்யூம் நெக்ஸ்ட்.

தவறு நேர்ந்தால் அடுத்த வரிக்குப் போ.

அதற்குக் கீழே போர்ட்டைத் திறக்கும் வரி.

முதல் வரியின் முன்னால் ஒரு மேற்கோள் குறி இடுகிறேன். வரி பச்சையாகிறது. ஓட்டுகிறேன்.

8002. போர்ட் எண் செல்லாது.

இத்தனை நேரத்தில் புரோகிராம் பேசிய முதல் சொல்.


மேசைக்குக் கீழே பார்க்கிறேன். சீரியலை யூஎஸ்பியாக்கும் ஒயர் பக்கத்துத் துளையில் செருகப்பட்டிருக்கிறது. யாரோ தூசி தட்டியிருக்கலாம். காம் 3 என்று இருந்தது இப்போது காம் 5.

ஆன்காமில் குறை இல்லை. கன்ட்ரோலிலும் இல்லை. திறக்காத போர்ட்டில் கேட்பதற்கு ஒன்றும் வரவில்லை.


எண்ணை மாற்றுகிறேன். தோல் ஏறுகிறது. கட்டத்தில் எடை.

"வந்துடுச்சு."

அவர் நோட்டை மூடவில்லை. அடுத்த எடையையும் அதில் எழுதுகிறார். திரையைப் பார்க்கிறார். இரண்டும் ஒன்றாக இருக்கின்றன.


ரெஸ்யூம் நெக்ஸ்ட் என்ற அந்த வரியை எழுதியவர், என்ன நடந்தாலும் வேலை நிற்கக் கூடாது என்று நினைத்திருக்கலாம். வேலை நிற்கவில்லை.


தேடல் பெட்டியில் ரெஸ்யூம் நெக்ஸ்ட் என்று தட்டுகிறேன். லெதர் அளவு ஃபார்மில் ஒன்று. குரோம் கணக்கில் ஒன்று. பில்லில் ஒன்று.

குரோம் கணக்கைத் திறக்கிறேன்.