விசுவாசமும் வற்புறுத்தலும்: ரோம் நகரின் மூன்று இடங்கள்

சமய நம்பிக்கையை வற்புறுத்திப் பெற முடியுமா, முடிந்தாலும் அது தகுமா என்பது கிறிஸ்தவச் சிந்தனையில் மிகப் பழைய கேள்வி. ரோம் நகரின் பழைய பகுதியில், நடந்தே போகக்கூடிய தொலைவிலுள்ள மூன்று இடங்களில் இக்கேள்வி மனித உயிர்கள் மீது சோதித்துப் பார்க்கப்பட்டது.

முதலாவது, காய்கறிச் சந்தை கூடும் காம்போ தே ஃபியோரி சதுக்கம். 1600 பிப்ரவரி 17 அன்று ஜியோர்தானோ புரூனோ இங்கே உயிரோடு எரிக்கப்பட்டார். டொமினிக்கன் துறவியாக இருந்த அவர் எண்ணற்ற உலகங்கள் உண்டென்றார். திரித்துவம் முதலிய கோட்பாடுகளிலும் திருச்சபையோடு முரண்பட்டார். ஏறத்தாழ ஏழாண்டுகள் ரோமில் சிறையிருந்தும், இறுதியில் தம் கருத்துகளைக் கைவிட மறுத்தார். சமய விசாரணை மன்றம் அவரைக் குற்றவாளி எனத் தீர்ப்பளித்து, தண்டனைக்காக நகர ஆளுநரிடம் ஒப்படைத்தது. எத்தோரே ஃபெராரி வடித்த அவரது வெண்கலச் சிலை 1889-இல் அங்கே நிறுவப்பட்டது.

இரண்டாவது, பாந்தியனுக்குப் பின்னுள்ள சிறிய மினர்வா சதுக்கம். பெர்னினி வடிவமைத்த கல் யானை ஒன்று எகிப்தியத் தூணைச் சுமந்து நிற்பது இங்கேதான். அங்குள்ள கோயிலை ஒட்டிய டொமினிக்கன் மடத்தில், 1633 ஜூன் 22 அன்று, 69 வயதான கலிலியோ முழந்தாளிட்டு, பூமி சூரியனைச் சுற்றுகிறது என்ற கருத்தைத் துறப்பதாக வாசித்தார். அதன்பின் 1642-இல் இறக்கும்வரை காவலிலேயே வாழ்ந்தார்.

மூன்றாவது, திபெர் ஆற்றங்கரையில் இருந்த யூதர் குடியிருப்பு. 1555-இல் திருத்தந்தை நான்காம் பவுல் ரோமின் யூதர்களை மதிலுக்குள் அடைத்தார். இரவில் வாயிற்கதவுகள் பூட்டப்பட்டன. அந்நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து, மதமாற்றத்துக்கான மறையுரைகளைக் கேட்கும்படியும் அவர்கள் கட்டாயப்படுத்தப்பட்டனர். சிலர் காதில் மெழுகை அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தனர் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி. மதில் 1848-இல் இடிக்கப்பட்டது; திருத்தந்தையின் ஆட்சி 1870-இல் முடிந்தபோதுதான் யூதர்கள் நிலையான முழு உரிமை பெற்றனர்.

புரூனோவின் உடல் அழிக்கப்பட்டது. கலிலியோவின் நாவு வளைக்கப்பட்டது. யூதர்களின் செவி கட்டாயப்படுத்தப்பட்டது. மூன்றிலும் அதிகாரம் தொட்டது புறத்தை மட்டுமே.

இவ்வற்புறுத்தலுக்குப் பின்னால் வெறும் கொடுமை மட்டும் இல்லை. ஒரு வாதமும் இருந்தது. சமயத்தைத் திணிப்பது சமயத்தின் வேலையல்ல என்று மூன்றாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே தெர்த்தூலியன் எழுதியிருந்தார். அகுஸ்தீனாரும் முதலில் அப்படியே கருதினார். பின்னர், வட ஆப்பிரிக்காவில் திருச்சபையிலிருந்து பிரிந்து சென்றவர்கள் அரசுச் சட்டங்களின் அச்சத்தால் திரும்பி வந்ததைக் கண்டு மனம் மாறினார். தோமா அக்குவினாஸ் ஒரு வேறுபாடு வகுத்தார்: நம்பிக்கையை ஒருபோதும் ஏற்காதவரை வற்புறுத்தலாகாது; ஏற்றபின் விலகியவரை வற்புறுத்தலாம்.

நம்பிக்கை உள்ளத்தின் இசைவு என்பதால் ஆட்சியாளரின் வாள் அதை எட்டாது என்று ஜான் லாக் 1689-இல் வெளியான கடிதத்தில் வாதிட்டார். ஆங்கிலேய மதகுரு ஜோனஸ் புரோஸ்ட் அதை மறுத்தார்: வன்மை நேரடியாக நம்பிக்கையைத் தராவிட்டாலும், கேட்க மறுப்பவரைக் கேட்கவும் சிந்திக்கவும் வைக்கலாமே! ரோமின் கட்டாய மறையுரைகள் செய்ய முயன்றது இதைத்தான். தலைமுறை தலைமுறையாகக் கேட்டும் யூதர்களில் பெரும்பாலோர் தம் சமயத்திலேயே நிலைத்தனர்.

எனினும் சிலர் மதம் மாறியதும் உண்மை. ஆகவே வற்புறுத்தல் பயன் தராது என்ற வாதம் மட்டும் போதாது. சில இடங்களில் அது பயன் தந்தாலும் தவறுதான் என்று காட்டும் ஆழமான அடிப்படை தேவை. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965-இல் வெளியிட்ட சமயச் சுதந்திர அறிக்கை அதை மனித மாண்பில் கண்டது. உண்மையைத் தேடும் கடமை மனிதருக்கு உண்டு. வற்புறுத்தலின்றித் தேடினால்தான் அக்கடமை நிறைவேறும். எனவே தேடத் தவறியவருக்கும் வற்புறுத்தப்படாமல் இருக்கும் உரிமை உண்டு என்பது அதன் சாரம். 1992-இல் கலிலியோ வழக்கில் நேர்ந்த பிழையைத் திருத்தந்தை இரண்டாம் ஜான் பால் ஒப்புக்கொண்டார்; 2000-இல் புரூனோவின் மரணத்துக்கு வத்திக்கான் வருத்தம் தெரிவித்தது.

இறைவனுக்கு மனிதர் தரும் விடையே விசுவாசம் என்றால், மறுக்க முடியாத இடத்தில் தரப்படும் விடை விடையாகாது. மறுப்பவரின் சுதந்திரத்தைக் காப்பது, நம்புகிறவரின் நம்பிக்கையைக் காப்பதும் ஆகும்.