ஆடும் குதிரையும் விடும் கையும்

குழந்தைக்கு விளையாட்டுப் பொருள் செய்து தருவதை அறத்தோடு தொடர்புடைய செயலாக நாம் கருதுவதில்லை. செய்தால் மகிழ்ச்சி, செய்யாவிடில் குறையொன்றுமில்லை என்றே எண்ணுகிறோம். ஆனால் அன்பு எதைத் தடுக்க வேண்டும், எதைத் தடுக்கலாகாது என்னும் கடினமான வினா ஒரு மரக்குதிரைக்குள் அடங்கியிருப்பதை அண்மையில் நாம் கண்டோம்.

நமது பங்கைச் சேர்ந்த முதிய தச்சர் ஒருவர் தம் பேத்திக்காக ஆடும் குதிரை செய்துகொண்டிருந்தார். மாலை வேளைகளில் அவரது பட்டறையில் சற்று அமர்ந்திருப்பது நம் வழக்கமாயிற்று. குதிரையின் கால்களை அறுக்குமுன் பலகையை அவர் நெடுநேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மரத்தின் இழையோட்டம் காலின் நீளவாக்கில் செல்ல வேண்டும்; குறுக்கே சென்றால் பாரம் தாங்காது ஒருநாள் முறிந்துவிடும் என்றார். மூட்டுகளில் இரும்பாணி அடிக்கவில்லை. ஆட ஆட ஆணி தளர்ந்து தலைநீட்டக்கூடும் என்பதால் மரமுளைகளையே பசையிட்டு இறக்கினார். ஓரங்களையெல்லாம் உப்புத்தாளால் தேய்த்தபின், தம் கன்னத்தை வைத்துச் சிராய் உண்டா எனப் பார்த்தார். காய்த்துப்போன உள்ளங்கைக்குச் சிராய் தெரியாதாம்!

பட்டறையில் பல ஆண்டுகளாய்க் கிடந்த பழைய வண்ணத்தை அவர் தொடவேயில்லை. ஈயம் கலந்த வண்ணம் குழந்தையின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். வீடுகளில் பூசும் வண்ணத்தில் ஈயம் பத்து இலட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருத்தலாகாது என 2016ஆம் ஆண்டில்தான் நம் நாட்டில் விதி செய்யப்பட்டது. அதற்கு முந்தைய வண்ணத்தில் என்ன இருந்ததென்று யார் அறிவார்?

இத்துணைக் கவனம் எதற்காக? குழந்தை இவற்றுள் ஒன்றையும் சோதித்தறியாது. விலை பேசாது, குறை கண்டு திருப்பித் தராது, நம்பி ஏறி அமரும். சோதிக்க வல்லவர்க்கு நாம் காட்டும் நேர்மையில் அச்சமும் கலந்திருக்கலாம். சோதிக்க இயலாதவர்க்குக் காட்டும் நேர்மையே கலப்பற்ற நேர்மை.

இவ்வளவு அஞ்சி அஞ்சி உழைத்தவர், அடியில் பொருத்தும் வளைகட்டைகளுக்கு வந்தபோது வேறு மனிதரானார். ஆணியில் நூல் கட்டி வட்டத்தின் பகுதியை வரைந்தார். வளைவு மிகக் குறுகினால் குதிரை கவிழும். மிக அகன்று தட்டையானால் ஆட்டமே இராது. "இன்னும் சற்றுத் தட்டையாக்கினால் நல்லதன்றோ?" என்றோம். அவர் இசையவில்லை. அதற்கு மாற்றாக இருக்கையைத் தாழ்த்தினார்; கட்டைகளின் பின்முனையை நீட்டினார். குதிரை நன்றாகச் சாயும். ஆனால் எளிதில் கவிழாது.

முதல்நாள் சிறுமி ஏறி அமர்ந்ததும் நம் கை தானாகவே குதிரையின் கழுத்தைப் பற்றிக்கொண்டது. பாட்டனார் சிரித்தார். "பிடிச்சுக்கிட்டே இருந்தீங்கன்னா புள்ளைக்குக் குதிரை எதுக்கு சாமி? நாற்காலி போதுமே!"

அச்சொல் நம்மைச் சுட்டது. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு தந்தை நம்மிடம் ஆலோசனைக்கு வந்தார். தொலைவிலுள்ள நகரில் செவிலியர் படிப்புக்கு அவர் மகளுக்கு இடம் கிடைத்திருந்தது. "இன்னும் ஓராண்டு பொறுக்கட்டுமே" என்றோம். முன்மதி என்றே அதற்குப் பெயரிட்டோம். அந்த இடம் மீண்டும் கிடைக்கவில்லை. இன்றும் அப்பெண் நம்மைக் கண்டால் பணிவோடு வணங்குகிறாள். ஆனால் எதையும் கேட்பதில்லை. நாம் அன்று காத்தது அவளையா, நம் மன அமைதியையா?

தீங்கும் இடரும் ஒன்றல்ல. முறியும் கால், நீட்டிய ஆணி, நஞ்சுடைய வண்ணம் ஆகியவை குழந்தை அறியாமலே அதைக் கெடுப்பவை, இவை தீங்கு. சாய்வோ அது தன் உடலால் உணர்ந்து, அஞ்சி, பின் ஆளக் கற்பது, இது இடர். கிரேக்க ஞானி பிளேட்டோ, 'சட்டங்கள்' என்னும் தம் நூலில், வருங்காலப் போர்வீரன் இளமையிலேயே விளையாட்டாய்க் குதிரையேறிப் பழக வேண்டும் என்கிறார். ஆட்டமில்லாத குதிரையில் எதைப் பழகுவது?

ஆயினும் ஓர் எச்சரிக்கை வேண்டும். "விழுந்து எழுந்து கற்கட்டும்" என்னும் சொல் சோம்பேறிகளின் வாயிலும் எளிதாக வரும். பழுதான குதிரையைச் செய்துவைத்துவிட்டுக் கையை எடுப்பது துணிவன்று, கைவிடுதல். கன்னத்தால் ஒவ்வொரு ஓரத்தையும் தடவிப் பார்த்தவர்க்கே கையை எடுக்கும் உரிமை உண்டு. அவ்வாறு பார்த்தபின்னும் கையை எடுக்காதிருப்பது, அவர் தம் உழைப்பையே நம்பாதிருப்பதாகும்; குழந்தையை நம்பாதிருப்பதுமாகும்.

நாம் கையை எடுத்தோம். சிறுமி முதலில் கடிவாளக் கயிற்றை இறுகப் பற்றிக்கொண்டு அசையாதிருந்தாள். பின்னர் ஒருமுறை முன்னால் சாய்ந்தாள், குதிரையும் சாய்ந்தது. அச்சத்தில் அவள் கண்கள் விரிந்தன. குதிரை தானே மீண்டு வந்தது. அடுத்த முறை அவள் நம் பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை.